புஞ்சையும் உண்கலமும்

நுழையும்முன்

ஊரில் விளைவது ஒன்று, ஊரார் உண்பது ஒன்று என்று ஆனது எப்போது? நியாயவிலைக் கடையில் எந்தத் தானியம் கிடைக்கும், பள்ளிச் சமையற்கூடத்தில் எது வேகும், அதை யாரிடம் வாங்க வேண்டும் என்பன எல்லாம் ஏதோ ஒரு சட்டத்திலோ அரசாணையிலோ எழுதப்பட்டுள்ளன. அவ்வெழுத்துகளைக் கரிசல் நிலத்துச் சிற்றூர் ஒன்றில் நின்று படித்துப் பார்க்கிறது இக்கட்டுரை.

வைப்பாற்று மணலில்

ஆடி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. சாத்தூரை அடுத்த இருக்கன்குடியில் கால் வைக்க இடமில்லை. வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் கூடுமிடத்தில் எழுந்தருளியுள்ள மாரியம்மனைக் காண, விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரை மாவட்டங்களிலிருந்து மக்கள் திரண்டு வருகின்றனர். நடந்தே வருவோரும் பலர். இரண்டு ஆறுகளையும் கங்கையாகப் போற்றி ‘இருகங்கைக்குடி’ என வழங்கிய பெயரே இருக்கன்குடி ஆயிற்று என்பர். பெயரில்தான் கங்கை, ஆண்டின் பெரும்பகுதி ஆறு மணலாகவே கிடக்கும். அம்மணலிலும் கரையிலும் மூன்று கற்களைக் கூட்டி, பானை ஏற்றி, பொங்கலிடுகின்றனர்.

அப்பானைகளை ஒருமுறை எட்டிப் பாருங்கள். கொதிப்பது அரிசி. அது சுற்றியுள்ள கரிசற்புஞ்சைகளில் விளைந்ததாக இருப்பது அரிது. கடைவீதிக்கு வந்தால் காட்சி சற்று மாறுகிறது. சாத்தூர்ச் சேவு விற்கிறது. பிஞ்சு வெள்ளரிக்காய் கூறு கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டும் இம்மண்ணின் பெயரைத் தாங்கியவை. ஆயின் நாள்தோறும் வயிற்றை நிரப்பும் உணவில் இம்மண்ணுக்குப் பங்கு எவ்வளவு? இவ்வினாவைத் திருவிழாக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய இடம் அதுவன்று; வகுப்பறை அதற்கு ஏற்ற இடம்.

கரிசலின் தானியங்கள்

விருதுநகர் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையாக ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஆறும் கண்மாயும் உள்ள பகுதிகளில் நெல் விளையும். சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமியின் இயல்பு வேறு. கரிசல் மண் பெய்த நீரை இறுகப் பற்றிக்கொள்ளும். மழை நின்ற பிறகும் அடியீரத்தைப் பல வாரம் வைத்திருக்கும். அந்த ஈரத்தைக் கொண்டே முதிரும் பயிர்களை முன்னோர் தேர்ந்தெடுத்தனர். கம்பும் சோளமும் குதிரைவாலியும் தானியங்களாயின. உளுந்து, பாசிப்பயறு, துவரை, எள், மல்லி, மிளகாய், பருத்தி ஆகியவை அவற்றோடு நின்றன. குதிரைவாலி ஏறத்தாழ மூன்று மாதங்களில் அறுவடைக்கு வந்துவிடும்.

வரகு, தினை, கொள், அவரை ஆகிய நான்கையன்றி வேறு உணவில்லை என்று வாழ்ந்த சீறூர் ஒன்றை மாங்குடி கிழார் புறநானூற்றில் காட்டுகிறார். புலவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நிலம் தருவதே உணவு என்பது அக்காலத்து ஒழுங்கு.

ஊட்டத்தின் அளவிலும் இத்தானியங்கள் தாழ்ந்தவையல்ல. 100 கிராம் கம்பில் ஏறத்தாழ 6 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் உள்ள சுண்ணாம்புச்சத்து 350 மில்லிகிராமுக்கும் மேல். அரிசியில் 10 மில்லிகிராமைத் தொடுவதில்லை. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. கம்பங்கூழ் ஒன்றே அதற்கு மருந்து என்று கூறுவது அறிவியலாகாது. எனினும், அரிசியில் இரும்புச்சத்தைச் சேர்த்துச் செறிவூட்டி நியாயவிலைக் கடைகளுக்கு அனுப்பும் காலத்தில், இரும்புச்சத்தைத் தானே கொண்டுள்ள தானியம் விளைந்த நிலம் சீமைக் கருவேல முள் மூடிக் கிடப்பது எண்ணிப் பார்க்க வேண்டிய முரண்.

அரிசி வந்த கதை

சிறுதானியம் மறைந்ததற்கு மக்களின் நாகரிக மோகமே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது முழு உண்மையன்று. குதிரைவாலியும் சாமையும் வரகும் உமி நீங்காமல் உண்ணத்தகாதவை. அந்த உமியை நீக்கியவை பெண்களின் கைகள். விடியலுக்கு முன் எழுந்து, உரலில் இட்டு, உலக்கையால் குத்தி, புடைத்து, கல் பொறுக்கி, பிறகு உலையேற்றுவார்கள். அதன்பின் காட்டு வேலைக்குச் செல்வார்கள். என் பாட்டியின் உள்ளங்கையில் இருந்த காய்ப்பை இன்றும் நினைவுகூர்கிறேன். நியாயவிலைக் கடையில் தீட்டிய அரிசி கிடைத்தபோது, அவர்கள் அதனை விடுதலையாகவே கண்டனர். அவ்வாறு கண்டதில் பிழையில்லை. அரிசிச் சோறு அதுவரை நோன்பு நாளுக்கும் திருநாளுக்கும் உரியதாக இருந்தது. அது ஏழை வீட்டின் அன்றாட உணவானது சமூக வரலாற்றில் சிறிய செய்தியன்று.

இரண்டாவது காரணம் இவ்வட்டாரத்துக்கே உரியது. மழை குறைந்த வறண்ட காற்று கம்புக்கும் குதிரைவாலிக்கும் ஏற்றது. அதே காற்றுதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏற்றதாயிற்று. சிவகாசியில் வேர்கொண்ட தொழில் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளுக்குப் பரவியது. தொழிற்சாலை வாரந்தோறும் கூலி தருகிறது. புஞ்சை ஆண்டுக்கு ஒருமுறை தருகிறது. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. வெடிமருந்தின் ஆபத்தை அறிந்தே மக்கள் அவ்வேலைக்குச் செல்கின்றனர். விளைந்த தானியத்தை நியாயமான விலைக்கு வாங்க ஒருவர் உறுதியாக இருந்திருந்தால், அவர்களுள் சிலரேனும் ஏரை விட்டிருக்க மாட்டார்கள்.

அரிசிக்கு வாங்குவோர் உறுதியாக இருந்தனர். அரசே கொள்முதல் செய்தது, அரசே வழங்கியது. குதிரைவாலிக்கு அப்படி ஒருவர் இல்லை. நெல்லுக்கும் கோதுமைக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் கேழ்வரகுக்கும் ஒன்றிய அரசு ஆண்டுதோறும் குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவிக்கிறது. குதிரைவாலிக்கும் சாமைக்கும் தினைக்கும் வரகுக்கும் தனி ஆதரவு விலை இல்லை. விலை அறிவிக்கப்பட்ட கம்பையும் சோளத்தையும் வாங்கக் கொள்முதல் நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டும். விலை அறிவிப்பு மட்டும் மூட்டையைத் தூக்கிச் செல்லாது.

சட்டத்தில் உள்ள தானியம்

உணவு ஓர் உரிமை என்னும் எண்ணம் இந்தியச் சட்டத்தில் படிப்படியாக வளர்ந்தது. மக்களின் ஊட்டநிலையை உயர்த்துவதை அரசின் தலையாய கடமைகளுள் ஒன்றாக அரசமைப்பின் 47ஆம் உறுப்பு குறிக்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி. அதைக் கொண்டு மட்டும் வழக்குத் தொடுக்க இயலாது. 2001ஆம் ஆண்டு மக்கள் குடிமை உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், உயிர்வாழும் உரிமையைக் கூறும் 21ஆம் உறுப்போடு உணவை இணைத்து உச்ச நீதிமன்றம் ஆணைகள் பிறப்பித்தது. அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்ற ஆணை அவ்வாண்டு நவம்பர் 28 அன்று வந்தது. தமிழ்நாட்டுக்கு அது புதிய செய்தியன்று. இங்குப் பள்ளியில் சோறு வடிக்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

பின்னர் 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. முன்னுரிமைக் குடும்பங்களில் ஓர் ஆளுக்கு மாதம் 5 கிலோவும், மிக வறிய குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு 35 கிலோவும் தானியம் பெறுவது சட்ட உரிமையாயிற்று. அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய் என்று விலை குறித்த அச்சட்டம் மூன்றாவதாக ஒரு வரியையும் கொண்டிருந்தது: பரும்படித் தானியம் கிலோ 1 ரூபாய். கம்பும் சோளமும் கேழ்வரகும் அந்த ‘பரும்படி’க்குள் அடங்கும். (ஊட்டம் மிகுந்த தானியத்தைப் ‘பரும்படி’ என்று அழைத்த சொல்லுக்கும் இதில் பங்குண்டு என்றே நினைக்கிறேன். ஒன்றிய அரசு 2018இல்தான் இவற்றை ‘ஊட்டத் தானியங்கள்’ என்று பெயர் மாற்றி அறிவித்தது.)

அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு இன்னும் முன்னே செல்கிறது. பொது வினியோகத்தில் வழங்கும் பொருள்களைக் காலப்போக்கில் பலவகைப்படுத்துதல், உள்ளூர் வினியோக முறைகளுக்கும் தானிய வங்கிகளுக்கும் துணைநிற்றல் ஆகியவற்றைச் சீர்திருத்தங்களாக அது பட்டியலிடுகிறது. மூன்றாம் அட்டவணை, தானியக் கொள்முதலைப் பரவலாக்குவதையும் பரும்படித் தானியங்களின் கொள்முதலையும் குறிப்பிடுகிறது. ஊரில் விளைவதை ஊரிலேயே வாங்கி ஊராருக்கே வழங்கலாம் என்பதற்கான இடம் சட்டத்திலேயே இருக்கிறது.

இடம் இருக்கிறது, கட்டளை இல்லை. உரிமையைக் கூறும் பிரிவுகள் ‘வேண்டும்’ என்று பேசுகின்றன. உள்ளூர்த் தானியத்தைக் கூறும் பிரிவோ ‘முயல வேண்டும்’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. சட்டம் படிப்போர் இவ்விரு வினைகளின் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். அவ்விடைவெளியில்தான் குதிரைவாலி விழுந்தது.

சில மாநிலங்கள் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டன. கருநாடகம் கேழ்வரகையும் சோளத்தையும் ஆதரவு விலைக்கு வாங்கி, அவற்றை உண்ணும் பகுதிகளின் நியாயவிலைக் கடைகளுக்கே அனுப்புகிறது. தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்கு மாற்றாக அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முறை தொடங்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் அவ்வாண்டையே.

வாங்குவோர் யார்?

விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எட்டயபுரம் இருக்கன்குடியைப் போன்றே கரிசல் பூமி. தொடக்கக் காலத்தில் அத்திட்டம் அரசின் நிதியையும் ஊர் மக்களின் கொடையையும் சேர்த்தே நடந்தது. ஊரார் தானியமாகவும் பொருளாகவும் கொடுத்தபோது, விளைந்தது எதுவோ அதுவே பிள்ளைகளின் வட்டிலுக்கு வந்தது. பின்னர் 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக அதனை விரிவுபடுத்தினார். திட்டம் பெரிதாகப் பெரிதாக, பொருள் ஒரே இடத்தில் வாங்கப்பட்டு எங்கும் அனுப்பப்பட்டது. எந்தப் பிள்ளையும் விடுபடாமலிருக்க அது தேவையாகவும் இருந்தது. ஆனால் பள்ளிச் சமையற்கூடத்துக்கும் அதன் சன்னலுக்கு வெளியே தெரியும் புஞ்சைக்கும் இருந்த உறவு அறுந்தது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டில் 31,008 பள்ளிகளாக விரிந்து ஏறத்தாழ 17 இலட்சம் மாணவர்களைச் சென்றடைந்தது. இத்திட்டத்திற்கான அரசாணையில் நம் பாடத்துக்கு முதன்மையான ஒரு குறிப்பு உண்டு: வாரத்தில் குறைந்தது இரண்டு நாளேனும் உள்ளூரில் விளையும் சிறுதானியத்தில் சிற்றுண்டி அமைய வேண்டும். ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் தானியம் என்பது அளவு.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 100 மாணவர் பயிலும் ஒரு தொடக்கப் பள்ளிக்கு ஒரு நாளுக்கு 5 கிலோ. வாரம் இரண்டு நாளுக்கு 10 கிலோ. ஆண்டில் 40 வாரம் பள்ளி நடந்தால் 400 கிலோ. இது குத்திய அரிசியின் கணக்கு. உமி போகும் என்பதால் அதைப்போல் ஒன்றரை முதல் இரு மடங்குத் தானியம் களத்துக்கு வந்திருக்க வேண்டும். ஒரு பள்ளிக்கு இது சிறிய அளவு. ஒருவரோ இருவரோ பயிரிட்டுக் கொடுத்துவிடலாம். ஆனால் 17 இலட்சம் மாணவர்களுக்கு ஒரு நாளுக்கு 85 டன், ஆண்டுக்கு 6,800 டன் ஆகிறது. எந்தத் தனியார் அங்காடியும் சிறுதானியத்துக்குத் தர இயலாத உறுதியான சந்தை அது. விளம்பரம் தேவையில்லாத, ஆண்டுதோறும் தவறாமல் திறக்கும் சந்தை.

அப்படியாயின் அந்தச் சந்தை ஏன் இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை? அறிவிக்கப்பட்ட உணவுப் பட்டியலைப் பார்த்தால் ரவை, சேமியா, அரிசி, கோதுமை ரவை ஆகியவையே மிகுதி. ரவையும் சேமியாவும் கோதுமையிலிருந்து வருபவை. கோதுமை நம் கரிசலில் விளையும் பயிரன்று. சமையலர் குறை சொல்லத்தக்கவரல்லர். விடியற்காலையில் விரைந்து சமைப்பதற்கு ரவை எளிது; எங்கும் ஒரே தரத்தில் கிடைக்கிறது; பட்டியல் போட்டு வாங்குவதும் எளிது. உள்ளூர்க் குதிரைவாலியை வாங்க வேண்டுமானால், யாரிடம், என்ன விலைக்கு, எந்த விதியின்படி என்ற மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். அரசாணையின் ஒற்றைத் தொடர் அவ்விடைகளைத் தரவில்லை.

மூன்றாவது வினாவே கடினமானது. அரசுப் பணத்தில் பொருள் வாங்கும்போது ஊழல் நேராதிருக்கத் தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் உள்ளது. தகுதியான ஒப்பந்தப்புள்ளிகளுள் குறைந்த விலை கேட்டவரிடமே வாங்குக என்பது அதன் அடிப்படை, விலக்குகளும் உண்டு. நேர்மையைக் காக்கும் சட்டம் அது. அதனைக் குறைகூற இடமில்லை. எனினும் இரண்டு ஏக்கர் புஞ்சை வைத்திருப்பவர், நூற்றுக்கணக்கான டன்னை ஒரே விலைக்குத் தருவதாக ஒப்பந்தப்புள்ளி போட இயலாது. குறைந்த விலை என்ற ஒரே அளவுகோலில், தொலைவிலிருந்து பெருமளவில் கொணரும் வணிகரே வெல்வார்.

பிரேசில் எழுதிய பிரிவு

இதே சிக்கலைப் பிரேசில் சந்தித்தது. அந்நாட்டில் 2003இல், சிறு உழவர் குடும்பங்களிடமிருந்து உணவுப்பொருளை வாங்கி வறியோருக்கு வழங்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. அதன் பட்டறிவைக் கொண்டு 2009 சூன் மாதத்தில் பள்ளி உணவுக்கென ஒரு சட்டம் இயற்றினர். அச்சட்டத்தின் எண் 11,947. பள்ளி உணவுக்காக நடுவண் அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப உழவர்களிடமிருந்து நேரடியாகப் பொருள் வாங்கவே செலவிட வேண்டும் என்று அது விதித்தது. அருகிலுள்ளோருக்கு முன்னுரிமை. இங்கே ‘முயல வேண்டும்’ இல்லை, எண் இருக்கிறது.

எண்ணை மட்டும் எழுதியிருந்தால் அச்சட்டமும் ஏட்டில் உறங்கியிருக்கும். இவ்வகைக் கொள்முதலுக்கு வழக்கமான ஒப்பந்தப்புள்ளி வேண்டியதில்லை என்று அதே சட்டம் விலக்களித்தது. மாறாக, உள்ளூர்ச் சந்தை விலையை ஆராய்ந்து விலையை முன்கூட்டியே குறித்துவிடுகிறார்கள். பிறகு உழவர்களை வெளிப்படையாக அழைக்கிறார்கள். போட்டி விலையில் இல்லை. யார் அருகில் இருக்கிறார், யார் தர முடியும் என்பதில் இருக்கிறது. உணவுப் பட்டியலை ஊட்டவியல் வல்லுநர் வகுக்கிறார்; அவர் அப்பகுதியின் விளைபொருளையும் உணவு வழக்கத்தையும் கருத்திற்கொள்ள வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் இடம்பெறும் குழு கணக்கைப் பார்க்கிறது. தொடக்க ஆண்டுகளில் பல நகராட்சிகள் 30 விழுக்காட்டை எட்டவில்லை என்பதும் உண்மை. ஆனால் எட்டாதது தெரிந்தது. எண் எழுதப்பட்டிருந்ததால் அளக்க முடிந்தது.

தமிழ்நாட்டில் அப்படியொரு பிரிவு எழுதப்பட்டால், அது எங்கெல்லாம் செல்லும்? பள்ளிகளின் காலை உணவு, சத்துணவு, அங்கன்வாடி, மாணவர் விடுதி, அரசு மருத்துவமனை ஆகியவை உடனே நினைவுக்கு வருகின்றன. கோயில்களையும் மறக்கலாகாது. இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. மாரியம்மனுக்கு ஆடியில் கூழ் படைக்கும் வழக்கம் தமிழகமெங்கும் உண்டு. சுற்றுவட்டாரப் புஞ்சையின் கம்பும் குதிரைவாலியும் பந்தியில் பரிமாறப்படுவதைப் பக்தர்கள் மறுக்கமாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிரேசிலின் 30 விழுக்காட்டை அப்படியே கரிசலுக்குப் பெயர்த்து எழுதக்கூடாது. இங்கு மழை பொய்க்கும் ஆண்டுகள் உண்டு. உள்ளூரில் விளைந்ததையே வாங்க வேண்டும் என்று இறுக்கமாக எழுதிவிட்டால், வறட்சி ஆண்டில் பிள்ளைகளின் தட்டு வெறுமையாகும். பத்து விழுக்காட்டில் தொடங்கி உயர்த்துவதும், மாவட்டம் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டால் அண்டை மாவட்டத்தில் வாங்கலாம் என்ற விலக்கும் வேண்டும். பசியைப் போக்குவதற்காகப் பிறந்த திட்டத்தில் பசிக்கே முதலிடம்.

சல்லடையின் கண்

நல்ல நோக்கத்தோடு எழுதப்படும் சட்டமும் சிறியோரைச் சலித்து வெளியே தள்ளிவிடக்கூடும். 1998இல் தில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்ததால் பலர் நோயுற்று இறந்தனர். அதன்பின் சமையல் எண்ணெயை உதிரியாக விற்கத் தடை வந்தது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006இன் கீழ் வந்த விதிகளிலும் அத்தடை தொடர்கிறது. எண்ணெய் பொட்டலமாகவோ புட்டியிலோ அடைத்து, முத்திரையிட்டு விற்கப்பட வேண்டும். கலப்படத்தைத் தடுக்க அது தேவை. ஆனால் ஊரில் விளைந்த எள்ளைக் கண்ணெதிரே செக்கில் ஆட்டி, வாடிக்கையாளர் கொண்டுவரும் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுப்பவருக்கும் பெருவணிகருக்கும் விதி ஒன்றே. பொதுநலன் கருதி, குறிப்பிட்ட காலத்துக்கு மாநில அரசு விலக்களிக்கலாம் என்ற வழியும் விதியில் இருக்கிறது. உழவரையும் அவரது வேளாண் பணியையும் விளைபொருளையும் இச்சட்டத்தின் 18ஆம் பிரிவு தன் எல்லைக்கு வெளியே வைக்கிறது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. விளைபொருள் செக்கிலோ அடுப்பிலோ ஏறிய மறுகணமே சட்டம் உள்ளே வந்துவிடும்.

விதையைப் பொறுத்தவரை நம் சட்டம் பெருந்தன்மையுடையது. பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001 விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்டு விற்பது மட்டுமே கூடாது. நிலத்தைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல இயலவில்லை. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2020இல் வந்தது; வானம் பார்த்த கரிசலுக்கு அத்தகைய காப்பு இல்லை.

குத்துவதற்கு ஆளில்லை

சில ஆண்டுகளுக்கு முன், இவ்வட்டாரப் பள்ளி ஒன்றில் பணியாற்றியபோது, ஐந்து தட்டுகளில் கம்பு, சோளம், கேழ்வரகு, குதிரைவாலி, சாமை ஆகியவற்றை வைத்துப் பதினோராம் வகுப்பு மாணவர்களிடம் பெயர் கேட்டேன். கம்பையும் கேழ்வரகையும் பலர் சொன்னார்கள். குதிரைவாலியை ஒரு மாணவி மட்டும் அடையாளம் கண்டார். அவர் பாட்டி ஆண்டுதோறும் கால் ஏக்கரில் அதனை விதைப்பதாகக் கூறினார்.

“வீட்டில் சமைப்பீர்களா?” என்று கேட்டேன்.

“இல்லை ஐயா. குத்துவதற்கு ஆளில்லை. விதை அழிந்துவிடக் கூடாது என்று பாட்டி விதைக்கிறார். மீதத்தைக் கோழிக்குப் போடுவோம்.”

அம்மாணவியின் தாய் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குச் செல்பவர். உலக்கை பிடிக்க அவருக்கு நேரமில்லை. பிடிக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையும் இல்லை. ஆகவே எந்தச் சட்டமும் உமி நீக்கும் எந்திரத்தை மறந்து எழுதப்படக் கூடாது. ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒன்றேனும், மகளிர் குழுவின் பொறுப்பில் அது இருந்தால், கோழிக்குப் போகும் தானியம் பள்ளிக்கு வரும். 2023ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தன் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்த சிறுதானிய இயக்கம் இத்தகைய பணிகளையும் மனத்தில் கொண்டதே. இயக்கத்துக்கும் சமையற்கூடத்துக்கும் நடுவே சட்டத்தின் கயிறு கட்டப்படவில்லை, அதுவே குறை.

யார் எழுதுவது?

வேளாண்மையும் சந்தையும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் உள்ளன. எனவே இப்பொருளில் சட்டம் இயற்றும் ஆற்றல் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு உண்டு. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளைப் பட்டியலிடும் பதினோராம் அட்டவணையில் வேளாண்மை முதலாவது. பொது வினியோகமும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஓர் ஆணையை அடுத்த ஆணை மாற்றிவிடலாம். சட்டத்தை மாற்ற, மக்கள் பிரதிநிதிகள் அவையில் எழுந்து பேசியாக வேண்டும். காலை உணவு அரசாணையின் அந்த ஒற்றைத் தொடர் சட்டப் பிரிவாக உயர வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆடித் திருவிழாவின் கூட்டம் கலையும் காலத்தை ஒட்டியே ஆகஸ்ட் 15 வருகிறது. அடுத்த மழைக்கு முன் எதை விதைப்பது என்று உழவர் முடிவு செய்வதும் அப்போதுதான். ‘நம் ஊர்ப் பள்ளியில் சென்ற ஆண்டு எத்தனை நாள் சிறுதானியம் சமைக்கப்பட்டது? அது எங்கே வாங்கப்பட்டது?’ என்று ஒருவர் எழுந்து கேட்டால், விடையைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். 18 வயது நிரம்பி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் கிராமசபையில் பங்கேற்கலாம். இப்பாடத்தைப் படிப்போரில் பலருக்கு அவ்வயது வர இன்னும் ஓரிரு ஆண்டுகளே உள்ளன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதித் தொடக்கப் பள்ளியின் காலை உணவில் ஒரு வாரம் இடம்பெற்ற பொருள்களைக் கேட்டறிந்து, அவற்றுள் உங்கள் மாவட்டத்தில் விளைபவை எவை எனப் பட்டியலிடுக.

2. ‘முயல வேண்டும்’, ‘வேண்டும்’ ஆகிய வினைமுடிபுகள் ஒரு சட்டத்தின் பயனை எவ்வாறு மாற்றுகின்றன? பாடத்திலிருந்து சான்று காட்டி எழுதுக.

3. உள்ளூர் விளைபொருளைப் பள்ளிச் சமையற்கூடங்கள் வாங்குவதற்கான சட்டப் பிரிவு ஒன்றை ஐந்து வரிகளில் எழுதுக. வறட்சி ஆண்டுக்கான விலக்கு அதில் இடம்பெறல் வேண்டும்.

4. உங்கள் வீட்டில் உரலும் உலக்கையும் உள்ளனவா? அவற்றைக் கடைசியாகப் பயன்படுத்தியவரிடம் உரையாடி, அவர் கூறியவற்றை அவர் சொற்களிலேயே பதிவு செய்க.